கட்டர் கத்தினால் ரப்பர் வைக்காதீர்கள்

செம்பனைக் குலையை வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலையில் அவிப்பதுதான் முறை. தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறும். அதனால் மலேசியாவின் தெலுக் இந்தான் பக்கத்துப் பட்டறைகளுக்கு ஆலையிலிருந்து வரும் ஷாஃப்ட், பேரிங் ஹவுசிங், பம்ப் அடித்தட்டு எல்லாமே ‘நாளைக் காலையில் வேண்டும்’ வேலைகள். அந்த நேரம் பார்த்துத்தான் மில்லிங் கட்டர் (சுழன்று உலோகத்தைச் சீவும் பல் வைத்த வெட்டுக்கருவி) கத்தும், வெட்டிய முகத்தில் மீன் செதில் போல் வரி விழும்.

உடனே கை போவது ரப்பருக்கு. கழித்துப்போட்ட கன்வேயர் பெல்ட்டை நறுக்கி மேஷின் காலடியில் செருகுவார்கள். ரப்பர் தடுப்பது தரை வழியாகப் போய்வரும் நடுக்கத்தை மட்டுமே. கத்தல் பிறப்பது கட்டர் நுனியில். ஒரு பல் வெட்டிப்போன இடத்தில் நுண்ணிய அலை நிற்கும். அடுத்த பல் அதன்மேல் ஏறி இறங்கும்போது சீவல் ஒரு கணம் தடித்து மறுகணம் மெலியும். விசையும் கூடவே ஏறி இறங்கி கட்டரை இன்னும் உலுக்கும். தனக்குத்தானே தீனி போட்டுக்கொண்டு வளரும் அதிர்வு இது. ரப்பர் வைத்ததில் மேஷின் லெவல் கெட்டதுதான் மிச்சம்.

ஆனால் எல்லா அதிர்வும் கத்தல் அல்ல. சுழல் வேகத்தை 10 சதவீதம் மாற்றிச் சத்தத்தைக் கேளுங்கள். சுருதியும் கூடவே மாறினால் கோளாறு சுழல்வதில் இருக்கிறது: துருத்தி நிற்கும் ஒரு இன்செர்ட் (கழற்றி மாற்றும் வெட்டுப்பல்), பெல்ட், பேரிங். சுருதி ஏறக்குறைய அப்படியே நின்றால் அது கத்தல்.

அடுத்த தவறு, ஃபீடை, அதாவது வேலைப்பொருளைக் கட்டருக்கு ஊட்டும் வேகத்தை, குறைப்பது. 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள கார்பைட் எண்ட்மில் (தண்டு வடிவக் கட்டர்), 4 பல், நிமிடத்துக்கு 2000 சுற்று, ஃபீடு நிமிடத்துக்கு 100 மில்லிமீட்டர் என்றால் ஒரு பல்லுக்கு 0.0125 மில்லிமீட்டர்தான். அது வெட்டாது, தேய்க்கும். பல்லுக்கு 0.06 கொடுத்து 480-இல் ஓட்டுங்கள். குறைக்க வேண்டியது வெட்டு ஆழத்தை.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு நீட்டல், அதாவது கட்டர் பிடிப்புக்கு வெளியே நீண்டு நிற்பது. முந்தைய வேலைக்கு 80 மில்லிமீட்டர் நீட்டிய கட்டரையே கழற்றச் சோம்பல்பட்டு ஆழமில்லாத சாவிக்காடிக்கும் (ஷாஃப்ட்டில் சாவி உட்காரும் பள்ளம்) ஓட்டுகிறார்கள். வளைவு நீளத்தின் மும்மடிப்படி ஏறும்: 80-ஐ 60 ஆக்கினால் விறைப்பு 2.4 மடங்கு. விட்டத்துக்கு நான்மடி: 12-க்குப் பதில் 16 போட்டால் 3 மடங்குக்கு மேல். கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டிலோடு ஏறி இறங்கும் குழலான குவில்லையும் உள்ளே இழுத்துக்கொண்டு மேசையை ஏற்றுங்கள். கட்டரைக் கவ்விப் பிடிக்கும் கோலெட்டுக்குள் தண்டின் நுனி மட்டும் பிடித்திருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண்.

வேகத்தைக் குருட்டாம்போக்கில் மாற்றுவதும் வேண்டாம். கைப்பேசியில் ஒலி அலைவெண் காட்டும் ஆப் போதும். கத்தல் 640 ஹெர்ட்ஸ் என்றால் 60-ஆல் பெருக்கி 4 பல்லால் வகுத்தால் நிமிடத்துக்கு 9600 சுற்று. அதன் பாதி 4800, மூன்றிலொன்று 3200, நான்கிலொன்று 2400. உங்கள் மேஷினுக்கு எட்டுகிற எண்ணில் தொடங்கிச் சற்றே மேலும் கீழும் நகர்த்துங்கள். பழைய கியர் மேஷினில் இது சரிப்படாவிட்டால் நன்றாகவே வேகத்தை இறக்கலாம்: மெதுவான ஓட்டத்தில் பல்லின் முதுகு அலைமேல் உரசியே அதிர்வை அடக்கும்.

மெல்லிய தட்டை நாலு மூலையில் மட்டும் கிளாம்ப் போட்டால் நடுப்பகுதி உறுமி மேளம்தான். நடுவில் ஸ்குரூ ஜாக்கி கொடுங்கள். வெட்டு விளிம்பு 45 பாகை சாய்ந்த முகக் கட்டர் (தட்டையான முகத்தைச் சீவுவது) தட்டைக் கீழே அமுக்கும்; அங்கே 90 பாகை நல்லது. நீண்ட நீட்டலுக்கோ 45 பாகை: விசையின் ஒரு பங்கு தண்டின் அச்சு வழியே ஏறும், அந்தத் திசையில் தண்டு விறைப்பானது.

வெல்டிங் செய்த இரும்புப் பெட்டிமேல் வேலையைக் கட்டினால் மணிபோல் ஒலிக்கும். சாம்பல் வார்ப்பிரும்பில் உள்ள கிராஃபைட் செதில்கள் அதிர்வை விழுங்கும். வேறு வழியில்லை, பெட்டிதான் என்றால் உள்ளே உலர்ந்த மணலை இறுகத் தட்டி நிரப்பி வாயை மூடுங்கள். பிறகு மேசையில் நகராத அச்சுகளின் பூட்டை முறுக்கிவிட்டு ஸ்பிண்டிலை ஓட்டுங்கள்.