ஒரு ஊதுபத்தி நேரம்: வேலையில் மூழ்கப் பழகுவது எப்படி?

கணக்குப் போட உட்கார்ந்தவர் தலை நிமிரும்போது ஒன்றரை மணி நேரம் போயிருக்கும். பசி தெரியவில்லை, பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் சத்தமும் காதில் விழவில்லை. இந்த நிலையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் மிஹாய் சிக்செண்ட்மிஹாயி (1934–2021) என்ற உளவியலாளர். ஆட்களிடம் பேஜரைக் கொடுத்து, எதிர்பாராத நேரத்தில் அதை ஒலிக்கச் செய்து, அந்தக் கணத்தில் என்ன செய்கிறார்கள், மனம் எப்படி இருக்கிறது என்று எழுதி வாங்கினார். அவர் சொன்னவற்றில் மூன்று விஷயங்கள் நமக்கு முக்கியம். செய்யவேண்டியது தெளிவாக இருக்கவேண்டும். செய்தது சரியா தப்பா என்று உடனுக்குடன் தெரியவேண்டும். வேலையின் கடினம் நம் திறமைக்கு ஈடாக, ஒரு நூல் மேலே இருக்கவேண்டும்.

ரங்கூனில், கரண்ட் முறைவைத்து வரும் வீட்டிலும் இந்த மூன்றையும் அமைத்துக்கொள்ளலாம். எல்சிசிஐ (லண்டன் வர்த்தக, தொழில் சபை) கணக்குத் தேர்வுக்குப் படிப்பவரை உதாரணமாக வைத்துச் சொல்கிறோம். ஜப்பான் மொழி படிப்பவருக்கும் தையல் பழகுபவருக்கும் வழி இதேதான்.

படி 1: நேரம்

கரண்ட் வந்த முதல் அரைமணியில் உட்காராதீர்கள். மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்பவேண்டும், சோறு வைக்கவேண்டும், போன்களைச் சார்ஜில் போடவேண்டும்; வீடே ஓடிக்கொண்டிருக்கும். அது அடங்கிய பிறகு உட்காருங்கள். இல்லையென்றால் கரண்ட் இல்லாத பகல் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வைஃபை வராத அந்த நேரம் தாளும் பென்சிலும் போதுமான வேலைக்கு மிக நல்லது. வயிறு நிறையச் சோறு சாப்பிட்டால் ஒன்றரை மணி நேரம் விட்டுவிடுங்கள். ஏப்ரல் வெயிலில் விடிகாலைதான் சரி.

படி 2: இலக்கு

"இன்று அக்கவுன்ட்ஸ் படிப்பேன்" என்பது இலக்கு ஆகாது. "இரண்டு கணக்கு. இரண்டிலும் ட்ரையல் பேலன்ஸ் (இருப்புச் சோதனை) இரு பக்கமும் ஒத்துவரவேண்டும்" என்று தாளில் எழுதுங்கள். பற்றும் வரவும் ஒத்துவராவிட்டால் தப்பு என்று கணக்கே சொல்லிவிடும், வாத்தியார் திருத்தித் தரும்வரை காத்திருக்கவேண்டாம். அந்தக் காலத்துச் செட்டியார் கிட்டங்கிகளில் (தொழில் நடத்திய இடங்களில்) ஐந்தொகை என்ற இருப்புக் கணக்கு எடுத்தவர்களுக்கும் இந்த வசதி இருந்தது. வெறுமனே பாடம் வாசிப்பதில் இது இல்லை. அதனால் வாசிப்பதாக இருந்தால் பக்கத்துக்கு ஒருமுறை புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து மூன்று வரி எழுதிப் பாருங்கள்.

கடினத்துக்கு ஒரு கைக்கணக்கு: கணக்கின் பத்துப் படிகளில் ஏழு தானாக வரவேண்டும், மூன்று இடறவேண்டும். பத்தும் வந்தால் மனம் அலையும். ஐந்துக்குமேல் இடறினால் கை போனைத் தேடும். அப்போது உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள், சுலபமான கணக்குக்கு மாறுங்கள்.

படி 3: இடமும் சத்தமும்

போனை அணைத்து வேறு அறையில் வையுங்கள். மேசைமேல் கவிழ்த்து வைத்தால் போதாது. வைபரில் யார் என்ன அனுப்பியிருப்பார்கள் என்று மனம் அதன்மேலேயே இருக்கும். நேரம் பார்க்க ஒரு ஊதுபத்தி போதும். உங்கள் வீட்டுப் பத்தி எத்தனை நிமிடம் எரிகிறது என்று ஒருநாள் கடிகாரம் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாச் சத்தமும் ஒன்றல்ல. தகரக் கூரைமேல் விழும் மழையும் ஒரே சீராக ஓடும் ஜெனரேட்டரும் சிறிது நேரத்தில் பழகிவிடும். பொருள் புரியும் பேச்சுதான் கவனத்தைக் கெடுக்கும். பக்கத்து அறையில் தமிழ் சீரியல் ஓடினால் நீங்கள் இடத்தை மாற்றத்தான் வேண்டும். வீட்டாரிடம் "தொந்தரவு பண்ணாதீங்க" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "அம்மா, நாலரை வரைக்கும் கூப்பிடாதீங்க, அப்புறம் கடைக்குப் போறேன்" என்று நேரத்தோடு சொன்னால் நடக்கும்.

படி 4: நுழைவு

பெரும்பாலோர் இங்கேதான் எழுந்து போய்விடுகிறார்கள். முதல் பத்துப் பதினைந்து நிமிடம் மனம் முரண்டுபிடிக்கும், வேலை கசக்கும். "இன்னைக்கு மூடு இல்லை" என்று தோன்றுவதும் அப்போதுதான். மூழ்குதல் அந்தக் கசப்பைத் தாண்டித்தான் இருக்கிறது. இதற்கு ஒரு காரணம், முன்பு செய்த வேலையின் மிச்சம் மனத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது. சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: ஒன்றை அரைகுறையாக விட்டு அடுத்ததுக்குத் தாவினால் கவனத்தின் ஒரு பங்கு பழையதிலேயே தங்கிவிடுகிறது.

அதைக் கழுவ இந்த நாட்டிலேயே நல்ல பயிற்சி இருக்கிறது. பர்மாவின் அக்கவுன்டன்ட் ஜெனரலாக இருந்த ஊ பா கின், 1952இல் ரங்கூனில் தியான மையம் தொடங்கி, ஆனாபானம் என்ற மூச்சைக் கவனிக்கும் தியானத்தைக் கற்றுக்கொடுத்தார். கணக்கு அதிகாரி ஒருவர் சொல்லித்தந்தது என்பது கணக்குப் படிப்பவருக்குத் தெம்பு தரும். மூக்குத் துவாரத்துக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே உள்ள சின்ன இடத்தில் மூச்சு படுவதை மட்டும் கவனிக்கவேண்டும். மூச்சை இழுக்கவோ அடக்கவோ வேண்டாம். நம் வேலைக்கு ஐந்து நிமிடம் போதும். மனம் ஓடினால் திருப்பிக் கொண்டுவாருங்கள். அந்தத் திருப்புதல்தான் பயிற்சி.

பிறகு பத்தியைக் கொளுத்திக் கணக்கைத் தொடங்குங்கள். பக்கத்தில் ஒரு துண்டுத்தாள் இருக்கட்டும். "கேஸ் தீர்ந்துவிட்டது", "அக்காவுக்குப் பேசணும்" என்று எது தோன்றினாலும் இரண்டு சொல்லில் அதில் எழுதிவிட்டுத் திரும்புங்கள். எழுதாவிட்டால் அது சுற்றிச்சுற்றி வரும்.

படி 5: அளவு

முதல் வாரம் 30 நிமிடம், இரண்டாம் வாரம் 45. போகப்போக 90 வரை நீட்டலாம், அதற்குமேல் ஒரே மூச்சில் வேண்டாம். இடையில் 15 நிமிடம் ஓய்வெடுங்கள். தண்ணீர் குடித்து, வாசலில் நின்று வாருங்கள், போனைத் தொடாதீர்கள். லப்பேயே (பர்மியத் தேநீர்) குடிப்பவர்கள் உட்காருவதற்கு அரைமணி முன்பே குடித்துவிடுங்கள். சாயங்காலம் வேண்டாம், தூக்கம் கெடும். ஐந்து மணி நேரம் மட்டுமே தூங்கிய நாளில் மேலே சொன்ன எதுவும் சரியாக வேலை செய்யாது. அன்று புதிய பாடம் எடுக்காமல் பழைய கணக்கைப் படியெடுத்து எழுதுங்கள்.

பத்தி அணைந்ததும் கணக்கை முடித்துவிட்டு எழவேண்டும் என்று ஆசை வரும். முடிக்காதீர்கள். ஆனால் அரைகுறையாக விட்டது மனத்தில் ஒட்டாமலிருக்க, அடுத்து என்ன செய்யவேண்டும் என்பதைப் பென்சிலால் ஒரு வரி எழுதுங்கள்: "கடன்காரர் தொகையைப் பேரேட்டில் ஏற்று." நாளைக்கு நோட்டைத் திறந்ததும் அந்த வரியிலிருந்தே கை ஓட ஆரம்பிக்கும்.