விபத்தில் ரத்தம் இழந்தவருக்கு ரத்தம் ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லாரி மோதி இடுப்பெலும்பு நொறுங்கிய ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். கைகால் சில்லிட்டிருக்கிறது, நாடி 130, சிஸ்டாலிக் அழுத்தம் (ரத்த அழுத்தத்தின் மேல் எண்) 90. ஆய்வக முடிவில் ஹீமோகுளோபின் மட்டும் ஏறக்குறைய இயல்பாக, 12 என்றிருக்கிறது. அதைப் பார்த்து, 'சற்றுப் பொறுக்கலாம்' என்று முடிவெடுப்பது உயிரைப் பறிக்கும் தவறு. ரத்தம் கொட்டும்போது சிவப்பணுவும், பிளாஸ்மா எனும் ரத்தத்தின் நீர்ப்பகுதியும் சேர்ந்தே வெளியேறுகின்றன. அதனால் பாதி ரத்தம் போனவரிடமும் தொடக்கத்தில் ஹீமோகுளோபின் அளவு சரியாகவே தெரியலாம். நாடித்துடிப்பு சிஸ்டாலிக் அழுத்தத்தைத் தாண்டிவிட்டதா? உடனே ரத்த வங்கியை அழையுங்கள்.

அழுத்தம் இறங்கியதும் பாட்டில் பாட்டிலாக சலைன் எனும் உப்புநீரை ஏற்றுவது அடுத்த தவறு. சலைன் ஆக்சிஜனைச் சுமக்காது, ரத்தத்தை உறைய வைக்காது. மீதமிருக்கும் உறைவுக் காரணிகளை (ரத்தம் உறைய உதவும் புரதங்களை) நீர்க்கச் செய்கிறது, உடலைக் குளிரச் செய்கிறது, ரத்தத்தின் அமிலத்தன்மையையும் கூட்டுகிறது. குளிர்ச்சி, அமிலத்தன்மை, உறையாமை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று வளர்ப்பவை. ரத்தப்போக்கை அடக்கும்வரை சிஸ்டாலிக் 80 முதல் 90 வரை இருந்தால் போதும். கடுமையான தலைக்காயம் இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. மூளைக்கு அதைவிடக் கூடுதல் அழுத்தம் வேண்டும்.

சிவப்பணுப் பைகளை மட்டும் வரிசையாக ஏற்றினாலும் உறைவு திரும்பாது. பிளாஸ்மாவும் தட்டணுக்களும் தொடக்கத்திலிருந்தே கூடப் போக வேண்டும். 2015-இல் வெளியான பிராப்பர் (PROPPR) ஆய்வு, வட அமெரிக்காவின் 12 மையங்களில் 680 பேரிடம் இதைச் சோதித்தது. மூன்றையும் சம விகிதத்தில் பெற்றவர்களில் முதல் 24 மணி நேரத்தில் ரத்தம் இழந்தே இறந்தவர்கள் 9.2 சதவீதம், சிவப்பணு இரட்டிப்பாகப் பெற்றவர்களில் 14.6 சதவீதம். மொத்த இறப்பில் உறுதியான வேறுபாடு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் சம விகிதத்தின் பக்கமே நான் நிற்கிறேன். உறைந்த பிளாஸ்மாவை உருக்க அரை மணி நேரம்கூட ஆகும் என்பதால், தேவைப்பட்ட பிறகு கேட்டால் தாமதம்தான்.

உறைந்த ரத்தம் கரைந்துவிடாமல் காக்கும் மருந்தான டிரானெக்சாமிக் அமிலத்தைத் தள்ளிப்போடாதீர்கள். முதலில் 10 நிமிடத்தில் 1 கிராம், பிறகு 8 மணி நேரத்தில் 1 கிராம். 20,000-க்கும் அதிகமானோர் பங்கேற்ற கிராஷ்-2 (CRASH-2) ஆய்வில், காயம்பட்டு 3 மணி நேரத்துக்குப் பின் இதைப் பெற்றவர்களிடம் ரத்தப்போக்கு இறப்பு கூடியது.

பையில் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட், நோயாளியின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. பல பைகள் ஏற்றும்போது கால்சியத்தை அளந்து ஈடுசெய்யுங்கள். ரத்தம் போகும் குழாயிலேயே அதைச் செலுத்தக் கூடாது. வங்கியில் 2 முதல் 6 டிகிரியில் இருந்த பையை வெந்நீர்ப் பாத்திரத்தில் முக்குவதும் கூடாது, சிவப்பணுக்கள் சிதைந்துவிடும். அதற்கென்ற சூடாக்கும் கருவி வழியாகவே ஏற்றுங்கள்.

எவ்வளவு ஏற்றினாலும், உடைந்த ரத்தக்குழாய் அடைபடாமல் பயனில்லை. 'அழுத்தம் ஏறட்டும், பிறகு அறுவை அரங்குக்குக் கொண்டுபோகலாம்' என்று காத்திருப்பது எனக்குச் சற்றும் உடன்பாடில்லாத பழக்கம்.

உறவினர்கள் ரத்தப் பிரிவை வாய்மொழியாகச் சொன்னால் அதை நம்பி ஏற்றக் கூடாது. பரிசோதிக்க நேரமில்லையென்றால் ஓ வகைச் சிவப்பணு: குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் ஓ நெகட்டிவ், ஆண்களுக்கு ஓ பாசிட்டிவ் போதும். அதை ஏற்றுவதற்கு முன்பே ரத்த மாதிரி எடுத்து, படுக்கையருகிலேயே மாதிரிக் குழாயில் பெயரை எழுதுங்கள். ஒரே விபத்தில் அடையாளம் தெரியாத இருவர் வந்தால், இருவருக்கும் வெவ்வேறு தற்காலிக எண்ணும் கைப்பட்டையும் வேண்டும். ஒவ்வொரு பையையும் தொங்கவிடுமுன் அந்தப் பட்டையோடு இருவர் ஒப்பிட வேண்டும்.