காவடிப் பதிவுத் தளத்தில் உடைந்த லிங்குகளைச் சரிசெய்த கதை

மொரீசியஸில் ரோஸ்ஹில் பக்கம் ஒரு கோவிலின் தைப்பூசக் காவடிப் பதிவுத் தளம் நெக்ஸ்ட்.ஜேஎஸ் (Next.js) என்ற இணையதளக் கட்டமைப்பில் ஓடுகிறது. அதில் ஃபோல்டர் பெயர்தான் பக்க முகவரியாகிறது. பிரெஞ்சுப் பெயரில் இருந்த ஃபோல்டர்களைத் தமிழ்ப் பெயருக்கு மாற்றியதும் பழைய லிங்குகள் 404 காட்டின, ஆனால் பில்ட் (தளத்தை வெளியிடத் தயாராக்கும் படி) எந்தச் சத்தமும் இல்லாமல் ஓடி முடிந்தது, ஏனென்றால் டைப்ஸ்கிரிப்ட்டுக்கு (டைப் சோதனை சேர்த்த ஜாவாஸ்கிரிப்ட்) லிங்க் முகவரி வெறும் ஸ்ட்ரிங்தான் (எழுத்துத் தொடர்), உள்ளே என்ன எழுதினாலும் அதற்குக் கவலையில்லை.

கான்ஃபிக்கில் டைப்டுரூட்ஸை (typedRoutes, லிங்க் முகவரிகளைச் சோதிக்கும் அமைப்பு) ட்ரூ ஆக்கினேன். நெக்ஸ்ட்.ஜேஎஸ் 13.2-இல் சோதனை வசதியாக வந்தது, 15.5-இல் நிலையானது. ஃபோல்டர்களைப் பார்த்து அதுவே டைப்களை உருவாக்குகிறது. இல்லாத பாதைக்கு லிங்க் போட்டால் எடிட்டரிலேயே சிவப்புக் கோடு. இதை முதலிலிருந்தே இயல்பாக வைத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

சிஐயில்தான் (CI, கோட் மாறும்போதெல்லாம் தானாக ஓடும் சோதனை) கொஞ்சம் படுத்தியது. அங்கே பில்டுக்கு முன்பே டைப் சோதனை ஓடுவதால், உருவாக வேண்டிய டைப் கோப்புகளே இருக்காது, சோதனைக்கும் அர்த்தமில்லை. முதலில் அந்தக் கோப்புகளை உருவாக்கும் நெக்ஸ்ட் டைப்ஜென் (next typegen), அப்புறம் டைப்களைச் சோதிக்கும் டிஎஸ்சி (tsc) என்று வரிசையை மாற்றியதும் சரி.

டேட்டாபேஸிலிருந்து வரும் லிங்குகளுக்கு 'ஆஸ் ரூட்' (as Route, 'இது சரியான பாதைதான்' என்று நாமே சொல்வது) போட்டுத்தான் ஆக வேண்டும், அங்கே பாதுகாப்பு கிடையாது. டைனமிக் பாதையில் (ஒரு பகுதி மாறிக்கொண்டே இருக்கும் முகவரி) பக்தர் எண்ணுக்குப் பதில் எந்த ஸ்ட்ரிங் வந்தாலும் ஏற்றுக்கொள்ளும். அதனால் எண்ணை மட்டும் பக்கத்துக்குள்ளேயே ஸாட் (Zod) என்ற தரவுச் சரிபார்ப்பு லைப்ரரியை வைத்துச் சரிபார்க்கிறேன்.