முள் மேலே ஏறினால்: எஞ்சின் கொதிக்கிறதா, மீற்றர் பழுதா?

ஹீற் மீற்றரின் முள் நடுவை விட்டு மேலே போகத் தொடங்கினால் நம்மில் பாதிப் பேர் பயந்துபோய்க் காரை நிறுத்துவார்கள், மீதிப் பேர் "இந்தக் காரிலே அது எப்பவும் அப்படித்தான்" என்று ஓடிக்கொண்டே இருப்பார்கள். இரண்டாவது வகை ஆட்கள்தான் பிறகு சிலிண்டர் ஹெட்டை (எஞ்சினின் மேல்மூடியை)க் கழற்றி லேத்துக்குக் கொண்டுபோகிறார்கள். முள்ளுக்குச் சூட்டைச் சொல்கிற சென்சரின் விலையையும் ஹெட் வேலைக் கூலியையும் ஒருக்கா ஒப்பிட்டுப் பார்த்தாலே போதும்: ஓடும்போது முள் சொல்வதை நம்பி நிறுத்த வேண்டும், நிறுத்திய பிறகுதான் அதைச் சந்தேகிக்க வேண்டும்.

சரி, ரோட்டில் வைத்து என்ன செய்வது? முதலில் ஏசியை நிறுத்துங்கள். ஜப்பான் கார் என்றால் ஹீற்றர் இருக்கும், அதைச் சூட்டுப் பக்கம் முழுக்கத் திருப்பி ஃபேனையும் கூட்டுங்கள். யாழ்ப்பாணத்து வெயிலில் ஹீற்றரா என்று சிரிக்காதீர்கள். அது ஒரு சின்ன ரேடியேற்றர்தான், எஞ்சினின் சூட்டில் கொஞ்சத்தை உள்ளே இழுத்துவிடும், நமக்கு ஒரு தகவலும் தரும்: முள் சிவப்பில் நிற்கும்போது ஹீற்றரில் குளிர்ந்த காற்று வருகிறது என்றால் தண்ணீர் குறைந்துவிட்டது, அல்லது சுற்றி ஓடவில்லை என்று பெரும்பாலும் முடிவு கட்டலாம். (இத்தனை வருடமும் ஒருவரும் தொடாத ஹீற்றர் கேபிள் இறுகிப்போய்த் திரும்பாமலே நிற்கவும் கூடும், அது வேறு கதை.) நிழல் பார்த்து ஓரம் கட்டி, பொனற் இடுக்கால் ஆவி வந்தால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். ஆவி இல்லையென்றால் அரை நிமிடம் ஓடவிட்டு, ரேடியேற்றர் ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்கிறதா என்று கவனித்துவிட்டு நிறுத்துங்கள்.

ரேடியேற்றர் மூடியை மட்டும் திறக்காதீர்கள். ஜப்பான் கார்களின் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று அச்சடித்திருக்கும், அது உள்ளே தாங்கிப்பிடிக்கிற அழுத்தம். 0.9 மூடி சரியாக இருந்தால் உள்ளேயிருக்கும் தண்ணீர் 118 பாகை வரை கொதிக்காது, 1.1 என்றால் 121 வரை. நீங்கள் மூடியைத் திறக்கிற அந்த நொடியில் அழுத்தம் போய்விடும், 110 பாகையில் சும்மா கிடந்த தண்ணீர் முழுக்கக் கொதித்து முகத்துக்கு அடிக்கும். ரேடியேற்றரின் மேல் ஹோஸைத் துணியால் பிடித்து அமத்திப் பார்த்து, அது குழைந்துபோன பிறகுதான் மூடியில் கை வைக்க வேண்டும். அரை மணித்தியாலம் போதாமலும் போகலாம், அவசரப்படாதீர்கள். பக்கத்து வீட்டுக் கிணற்றில் அள்ளிய பச்சைத் தண்ணீரைக் கொதிக்கிற எஞ்சினுக்குள் ஊற்றுவதும் அப்படியே, அலுமினிய ஹெட் வெடிப்பதற்கு அதைவிடச் சுருக்கு வழி இல்லை.

காத்திருக்கிற நேரத்தில் எஞ்சினையே பார்த்துச் சாட்சி எடுக்கலாம். உண்மையிலேயே கொதித்த எஞ்சின் அதை மறைக்காது. ரிசேர்வ் போத்தலில் தண்ணீர் விளிம்பு வரை ஏறி நிற்கும், அல்லது வெளியே தள்ளி நிலத்தில் சொட்டும். கூலண்ட் (ரேடியேற்றர் தண்ணீரோடு கலக்கிற திரவம்) போட்டிருந்தால் ஒரு தித்திப்பு மணம் வரும். மேல் ஹோஸ் கல்லுப்போல் இறுகி இருக்கும். நிறுத்துவதற்கு முன் இழுவை குறைந்திருக்கும், அக்சிலேற்றரை மிதித்தபோது எஞ்சின் 'டிக்கிடிக்கி' என்று தட்டியிருக்கும். இவற்றில் ஒன்றுமே இல்லை, போத்தலில் தண்ணீர் அளவுக்கோட்டில் நிற்கிறது, ஹோஸ் வழக்கமான சூடு, மணமும் இல்லை, ஆனால் முள் மட்டும் உச்சியில் நிற்கிறது என்றால் சந்தேகத்தை மீற்றர் பக்கம் திருப்பலாம்.

முள் ஏறிய வேகத்தையும் நினைத்துப் பாருங்கள். எஞ்சினில் இருக்கும் இரும்பும் அலுமினியமும் தண்ணீரும் ஒரே நொடியில் சூடாகிற சாமான்கள் இல்லை. கொதிப்பு வருகிறபோது முள் மெல்ல மெல்லத்தான் ஏறும். நடுவில் நின்ற முள் ஒரேயடியாக உச்சிக்குத் தாவி, கார் பள்ளத்தில் விழுந்து எழும்பியதும் திரும்ப நடுவுக்கு வந்தால் அது வயர், பிளக் அல்லது எர்த் (காரின் இரும்புக் கூட்டோடு சேர்கிற இணைப்பு) பிரச்சினை. ஹெட்லைற் போடும்போதோ பிரேக்கை மிதிக்கும்போதோ முள் அசைந்தால் எர்த் பிழை என்று கிட்டத்தட்டச் சத்தியமே பண்ணலாம்.

இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது, இந்தப் பகுதியில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். சென்சர் சூட்டை அளப்பது தண்ணீரில் தோய்ந்திருக்கும்போதுதான். ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுக்கப் போய்விட்டால் சென்சரின் நுனி வெறும் காற்றில் நிற்கும், அப்போது சிவப்பில் நின்ற முள் கீழே இறங்கி C (குளிர்) பக்கம் போகவும் கூடும். "அப்பாடா, ஆறிவிட்டது" என்று ஓட்டுகிறவர் நிம்மதிப்படுகிற அதே நேரம் உள்ளே பிஸ்டன் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே சூடேறிய முள் காரணமில்லாமல் சடாரென்று விழுந்தால் அதைக் கெட்ட செய்தியாகவே எடுங்கள். தண்ணீர் குறைந்து உள்ளே ஆவிக்குமிழ் சுற்றினாலும் முள் மேலும் கீழும் ஆடும். அதனால் 'ஆடுகிற முள் என்றால் வயர்தான்' என்று சொல்வதற்கு முன் தண்ணீர் மட்டத்தைப் பார்த்துவிட வேண்டும்.

ஆவி வருகிறது, ஆனால் முள் நடுவிலேயே நிற்கிறது என்றால்? எஞ்சினும் மீற்றரும் இரண்டுமே நல்லாக இருந்து, மூடி மட்டும் பழுதாகியிருக்கலாம். ரப்பர் வாசர் இறுகிப்போன மூடி அழுத்தத்தைத் தாங்காது, தண்ணீர் 100 பாகையிலேயே கொதித்துப் போத்தலுக்குத் தள்ளப்படும். வேறு எதைக் கழற்றுவதற்கும் முன் மூடியை மாற்றிப் பாருங்கள், இந்த வேலையில் ஆகக் குறைந்த செலவு அதுதான்.

வீட்டுக்கு வந்தபிறகு செய்கிற சோதனைகளில் எனக்குப் பிடித்தது காலைச் சோதனை. இரவு முழுக்க நின்ற காரில் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் திறப்பை மட்டும் ஓன் பண்ணுங்கள். எஞ்சின் குளிர்ந்து கிடக்கிறது, முள் C-இல்தான் படுத்திருக்க வேண்டும். நடுவிலோ அதற்கு மேலோ நின்றால், பொய் சொல்வது மீற்றர் பக்கம். காசும் இல்லை, கருவியும் இல்லை. ஆனால் முள் ஒழுங்காகக் C-இல் நின்றால் மீற்றர் சரி என்று அர்த்தம் இல்லை, சூட்டில் மட்டும் பிழைக்கிற சென்சரும் உண்டு.

அடுத்தது வயர். பழைய கார்களிலும் வான்களிலும் மீற்றருக்கென்று ஒற்றை வயரோடு ஒரு தனிச் சென்சர் இருக்கும், கொம்பியூட்டருக்குப் போவது இரட்டை வயர் சென்சர், இரண்டையும் குழப்பாதீர்கள். திறப்பை ஓனில் வைத்து அந்த ஒற்றை வயரைக் கழற்றுங்கள். உச்சியில் நின்ற முள் கீழே விழுந்தால் வயரும் மீற்றரும் சரி, ஒன்றில் சென்சர் பழுது, அல்லது உண்மையாகவே சூடு. விழாமல் அங்கேயே நின்றால் வயர் எங்கேயோ தோலுரிந்து காரின் இரும்புக் கூட்டில் முட்டுகிறது, அல்லது மீற்றரே போய்விட்டது. முள் எப்போதும் C-இலேயே கிடக்கிற காரில் மறுவளமாகச் செய்யுங்கள்: கழற்றிய வயரின் நுனியை ஒரு நொடி மட்டும் எஞ்சின் இரும்பில் தொட்டெடுங்கள், முள் ஏறினால் சென்சரை மாற்றலாம், ஏறாவிட்டால் வயரைத் தேடுங்கள். பெரும்பாலான கார்கள் இப்படித்தான் வேலை செய்யும். இரட்டை வயர் சென்சரில் இந்த விளையாட்டு வேண்டாம்.

யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓடுகிற பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். எரிபொருள் தடை இருந்த 1990களில் மண்ணெண்ணெய் குடித்து ஓடிய எஞ்சின்களுக்கு மீற்றர் சொல்வதை ஒருவரும் பெரிதாகக் கேட்டிருக்கமாட்டார்கள், அது போகட்டும். அந்தக் காலத்து இங்கிலாந்துக் கார்கள் பலவற்றில் மீற்றர்களுக்கு 10 வோல்ட் கொடுக்கிற ஒரு சின்ன ஸ்டெபிலைசர் டாஷ்போர்ட்டுக்குப் பின்னால் இருக்கும். அது பழுதானால் ஹீற் முள்ளும் பெற்றோல் முள்ளும் சேர்ந்து ஏறும். எஞ்சின் சூடேறுவதால் டாங்கியில் பெற்றோல் கூடாதுதானே.

விற்ஸ், வாகன் ஆர் போன்ற பல கார்களில் முள்ளே கிடையாது, குளிரில் நீல லைற், கொதித்தால் சிவப்பு லைற், இடையில் ஒன்றும் இல்லை. முள் இருக்கிற புதிய கார்களிலும் அது 75 பாகை தொடக்கம் 105 வரை நடுவிலேயே அசையாமல் நிற்கும்படிதான் பலவற்றில் அமைத்திருக்கிறார்கள், ஓட்டுகிறவர் வீணாகப் பதறக்கூடாதென்று. இப்படிப்பட்ட கார்களுக்கு காரின் கொம்பியூட்டர் சொல்வதைப் படிக்கிற ஒரு சின்ன ஓபிடி புளூடூத் ஸ்கானர் வாங்கி ஃபோனில் பாருங்கள். ஓடும்போது 85க்கும் 100க்கும் இடையில் நின்று, நிற்கும்போது 95 அளவில் ஃபேன் போட்டு இறங்கினால் எஞ்சினுக்கு ஒன்றும் இல்லை. குளிர்ந்த எஞ்சினில் அது வெளிக்காற்றின் சூட்டை ஒட்டி 28, 30 என்று காட்ட வேண்டும். -40 காட்டினால் யாழ்ப்பாணத்தில் பனி கொட்டவில்லை, சென்சர் வயர் அறுந்திருக்கிறது. அதற்குப் பி0118 என்ற பிழைக் கோட் விழும், வயர் தோலுரிந்து இரும்பில் முட்டினால் பி0117. சென்சர் பழுதென்று தெரிந்தால் பல கார்கள் ரேடியேற்றர் ஃபேனை நிறுத்தாமல் ஓட்டும், திறப்பை ஓன் பண்ணியதுமே ஃபேன் இரைந்தால் அதையும் யோசியுங்கள்.

ஒரு எச்சரிக்கை: மீற்றரும் ஸ்கானரும் ஒரே சென்சரைக் கேட்கிற கார்களில் இரண்டும் சேர்ந்தே பொய் சொல்லும். அப்போது வெளிச்சாட்சி வேண்டும், அதுதான் கராஜ்களில் இருக்கிற துப்பாக்கி மாதிரியான இன்ஃப்ராரெட் வெப்பமானி. அதைப் பளபளக்கும் அலுமினியத்தில் பிடித்தால் குறைத்துக் காட்டும். தெர்மோஸ்ரற் (எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேற்றருக்கு விடாமல் மறிக்கிற வால்வு) கூட்டின்மேல் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி அதில் பிடியுங்கள், உள்ளே இருப்பதைவிடச் சில பாகை குறைவாக வரும். முள் சிவப்பில், டேப்பில் 85 என்றால் பிறகென்ன வாதம்.

"அண்ணை, சென்சர் போட்டுது, மாத்தினாச் சரி" என்று மெக்கானிக் சொன்னால் கழற்றியதைக் கையில் வாங்கிப் பாருங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள் இருந்து வருவது, கேத்திலின் அடியில் படிகிற அதே வெள்ளைப் படை சென்சரின் பித்தளை நுனியிலும் படியும். நகத்தால் சுரண்டினால் பொருக்காக உதிரும். அந்தப் படை தடித்தால் சென்சர் சூட்டைச் சுணங்கி உணரும். மல்ரிமீற்றர் இருந்தால் நுனியைச் சுடுதண்ணீரில் பிடித்து ஓம்ஸ் பாருங்கள்: ரொயோட்டாவின் இரட்டை வயர் சென்சர் 20 பாகையில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 பாகையில் 200 முதல் 400 ஓம் காட்டும். சூடு கூடக் கூட எண் ஒழுங்காக இறங்க வேண்டும், இடையில் துள்ளினால் பழுது. ஆனால் சென்சரில் அவ்வளவு படை இருந்தால் ரேடியேற்றரின் குழாய்களுக்குள்ளும் இருக்கும், ஆகவே சென்சரும் பிழை, எஞ்சினும் சூடு என்று இரண்டும் சேர்ந்து வருவது இங்கே புதினம் இல்லை. தீவுப்பகுதியின் உவர்த் தண்ணீர் ஊற்றியிருந்தால் அரிப்பும் சேரும். கூலண்ட்டோடு டிஸ்ரில்ட் வோட்டர் கலந்து ஊற்றுங்கள், கிணற்றுத் தண்ணீர் வழிப்பயண ஆபத்துக்கு மட்டும்.

உண்மையான சூடு என்று உறுதியானால் எப்போது ஏறுகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. நல்லூர்த் திருவிழா நெரிசலில் ஊர்ந்து போகும்போது ஏறி, ஏ9 வீதியில் வேகம் பிடித்ததும் இறங்கினால் ஃபேன், ரிலே, பியூஸ் பக்கம் போங்கள். ஊருக்குள் நல்லாக இருந்து, பரந்தன் தாண்டி 80இல் ஓடும்போது ஏறினால் ரேடியேற்றர் அடைப்பு, தெர்மோஸ்ரற், வோட்டர் பம் என்று தேடுங்கள். காலையில் ஸ்டார்ட் பண்ணி ஓரிரு நிமிடத்திலேயே, எஞ்சின் சூடாகுமுன், மேல் ஹோஸ் இறுகினால் ஹெட் காஸ்கற் (ஹெட்டுக்குக் கீழே இருக்கிற அடைப்புத் தகடு) ஊடாகச் சிலிண்டரின் காற்று தண்ணீருக்குள் போகிறது. சூடு என்றதும் தெர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிகிற வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. அதன்பிறகு ரோட்டில் முள் எழும்பாமல் கிடக்கும், மீற்றர் பழுதென்று யாரோ டாஷ்போர்ட்டைக் கழற்றுவார்கள், எஞ்சின் குளிரில் ஓடுவதாக நினைத்துப் பெற்றோலையும் கூடக் குடிக்கும்.

எதை மாற்றினாலும் தண்ணீர் விடும்போது காரின் முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, மூடியைத் திறந்தபடி ஓடவிட்டு, ஹீற்றரையும் சூட்டில் வைத்து, குமிழ் வருவது நின்றபிறகு மூடுங்கள். உள்ளே காற்று அடைபட்டால் புதுச் சென்சரும் பழையது போலவே ஆடும். அடுத்த நாள் காலையில் போத்தலில் மட்டம் இறங்கியிருக்கும், அதை நிரப்பிவிட்டு முறிகண்டி வரை ஒருக்கா ஓட்டி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க எப்படியும் நிற்கத்தானே போகிறீர்கள், அங்கே பொனற்றைத் திறந்து மட்டத்தையும் ஹோஸ் கிளிப்புகளையும் இன்னொருமுறை பாருங்கள்.