ஒரே குளம், பல துறைகள்: கூட்டாய்வுத் திட்டத்தை நடத்தும் முறை

நம் கல்லூரிகளில் பல்துறைக் கூட்டாய்வு என்ற பெயரில் வெளிவரும் அறிக்கைகளில் கணிசமானவை, நான்கு துறையினர் தனித்தனியே எழுதியவற்றை ஒரே அட்டைக்குள் வைத்துத் தைத்தவையே. விலங்கியலாரின் பகுதியில் உள்ள எண்களை வரலாற்றுத் துறையினர் பார்த்திருக்க மாட்டார்கள். பொருளியலார் எடுத்த நேர்காணல்களை வேதியியலார் படித்திருக்க மாட்டார்கள். இதற்குத் துறையினரிடையே நட்பு இல்லாதது காரணமன்று. ஒரே இடத்தை, ஒரே நேரத்தில், ஒரே குறியீட்டின் கீழ்ப் பதிவு செய்யாததே காரணம். அதை எப்படிச் செய்வது என்பதைக் குமரி மாவட்டக் கல்லூரிகளுக்கு எளிதில் கைகூடும் ஒரு களத்தை வைத்து இங்கே விளக்குகிறேன்: உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-இல் இடம்பெற்ற சுசீந்திரம்–தேரூர் ஈரநிலம்.

முதல் வேலை கேள்வியை அமைப்பது. "தேரூர்க் குளத்து நீர் மாசடைந்துள்ளதா?" என்ற கேள்விக்கு வேதியியல் துறை மட்டும் போதும், அதில் மற்றவர்களைச் சேர்த்தால் அவர்கள் பெயருக்கு மட்டுமே இருப்பார்கள். மாறாக, "கும்பப்பூ (ஆண்டின் இரண்டாம் நெற்பருவம்) சாகுபடிக்கு மடை திறக்கும் முறைக்கும், வலசைப் பறவைகள் இறங்கும் கரைப்பகுதிக்கும் தொடர்பு உண்டா, அம்முறையைத் திருவிதாங்கூர் ஆட்சிக்காலம் தொட்டு யார் முடிவு செய்து வந்தனர்?" என்று கேட்டால், விலங்கியல், வேதியியல், பொருளியல், வரலாறு ஆகிய நான்கும் தேவைப்படும். ஓர் எளிய சோதனை உண்டு: கேள்வியை எழுதிவைத்து, ஒவ்வொரு துறையாக அடித்துப் பாருங்கள். ஒரு துறையை நீக்கிய பிறகும் கேள்விக்கு முழுமையாக விடை காண முடியுமானால், அத்துறை இத்திட்டத்துக்கு வேண்டியதில்லை. அதனை முதல் கூட்டத்திலேயே மனத்தாங்கல் இல்லாமல் சொல்லிவிடுவது நல்லது. (இதே தேரூரில் 1876-இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, கவிஞராகவும் ஆசிரியராகவும் கல்வெட்டு ஆய்வாளராகவும் ஒருங்கே இயங்கியவர். அவருக்கு இப்படியொரு கூட்டம் தேவைப்பட்டிருக்காது, நமக்குத் தேவைப்படுகிறது.)

கேள்வி முடிவானதும், களத்துக்குப் போகும் முன்பே இரண்டு பக்க உடன்பாட்டுத் தாள் ஒன்றை எழுதிக் கையொப்பமிட வேண்டும். தரவு யாரிடம் இருக்கும், ஒருவர் இடமாற்றம் பெற்றோ படிப்பை முடித்தோ விலகினால் அவர் சேகரித்தவை என்னாகும், யார் பெயர் எவ்வரிசையில் வரும் என்பவை அதில் தெளிவாக இருக்க வேண்டும். ஆசிரியர் வரிசை பற்றிய வழக்கம் துறைக்குத் துறை வேறுபடும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்: ஆய்வகத் துறைகளில் முதல் பெயருக்கும் தொடர்பு ஆசிரியருக்கும் மதிப்பு மிகுதி, கணிதத்தில் அகரவரிசை பெருவழக்கு, தமிழ், வரலாறு ஆகியவற்றில் தனி ஆசிரியர் கட்டுரையே பழக்கம். பங்களிப்பை 14 வகைகளாகப் பிரித்துக் காட்டும் 'கிரெடிட்' என்ற வகைப்பாட்டைப் பயன்படுத்தினால், யார் திட்டமிட்டார், யார் தரவு சேகரித்தார், யார் முதல் வரைவை எழுதினார் என்பதை வரிசையைச் சாராமல் பதிவு செய்யலாம். களத்தில் வெயிலில் நின்ற முதுகலை மாணவரின் பெயர் நன்றியுரையோடு முடிந்துவிடாமல் இருக்க அத்தாள் பெரிதும் உதவும்.

களப்பணிதான் உடைப்பு ஏற்படும் இடம். பறவைக் கணக்கெடுப்பு விடியற்காலையில் நடக்கும். வேதியியல் மாணவர்கள் முற்பகல் ஆய்வக வகுப்பை முடித்துப் பதினொரு மணிக்கு மேல் குளத்துக்கு வருவார்கள். இரண்டையும் ஒரே தேதியின் கீழ் அட்டவணையில் எழுதிவிட்டால் பார்வைக்குக் குறை தெரியாது. ஆனால் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. பாசியும் நீர்த்தாவரங்களும் இரவெல்லாம் சுவாசிப்பதால் விடியலில் அது மிகக் குறைந்திருக்கும். வெயில் ஏறி ஒளிச்சேர்க்கை நடக்க நடக்கப் பிற்பகலில் உச்சத்தை எட்டும். ஆகவே பதினொரு மணி மாதிரியை வைத்துக்கொண்டு, ஆறு மணிக்குப் பறவைகள் ஒரு கரையை ஏன் தவிர்த்தன என்று விளக்கம் சொல்ல முயன்றால், விளக்கம் அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது.

இதற்குத் தீர்வு, எல்லாத் துறையினரும் சேர்ந்து செல்லும் பொதுக் களநாள். மாதம் இருமுறை போதும். குளத்தின் கரையில் நான்கைந்து நிலையான புள்ளிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் குறியீடு தர வேண்டும்: தே-1 வடகரை மடை, தே-2 மறுகால் (உபரிநீர் வெளியேறும் இடம்) என்பதுபோல. பறவை எண்ணுபவரும் நீர் எடுப்பவரும் அதே புள்ளியில், அரை மணி நேர இடைவெளிக்குள் தத்தம் வேலையை முடிக்க வேண்டும். விங்க்லர் முறையில் ஆக்சிஜனை அளப்பதாயின், 300 மில்லிலிட்டர் பாட்டிலில் காற்றுக்குமிழ் நுழையாமல் நீரை நிரப்பி, மாங்கனீஸ் சல்பேட்டையும் கார அயோடைடையும் கரையிலேயே சேர்த்து மூடிவிட வேண்டும். பழுப்பு வீழ்படிவு உருவான பிறகு பாட்டிலை ஆய்வகத்துக்குக் கொண்டுபோகலாம். இந்த வேலையை வரலாற்றுத் துறை மாணவர் ஒருவரும், பறவைக் கணக்கை வேதியியல் மாணவர் ஒருவரும் ஒருமுறையாவது செய்து பார்ப்பது அவசியம். அடுத்தவர் எண் எப்படிப் பிறந்தது என்று தெரிந்தவரே அதைச் சந்தேகிக்கவும் அறிவார்.

காலத்தைத் திட்டமிடும்போது மூன்று நாட்காட்டிகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்: வலசைப் பறவைகள் தங்கும் அக்டோபர் முதல் மார்ச் வரையிலான மாதங்கள், கன்னிப்பூ–கும்பப்பூ நெற்பருவங்கள், பருவத் தேர்வுகள். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் மாவட்டம் இது என்பதால், ஓராண்டுக்குக் குறைந்த பதிவை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது. நவம்பர்த் தேர்வுகளின்போது களநாள் விடுபடாதிருக்க, மாற்று ஆட்களை முன்கூட்டியே பயிற்றுவித்து வையுங்கள்.

தரவை ஒன்றுசேர்க்கும்போது எழும் சிக்கல்கள் சிறியவைபோல் தோன்றும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த நேர்காணல்கள் மற்றொருவர் கணினியில் குப்பையாகத் தெரியும். எனவே முதல் நாளிலிருந்தே ஒருங்குறி (யூனிகோட்) தவிர வேறெதையும் ஏற்கக் கூடாது. தேதியை ஆண்டு–மாதம்–நாள் என்ற வரிசையில் எழுதினால் மூன்றாம் மாதமா நான்காம் மாதமா என்ற குழப்பம் வராது. திருவிதாங்கூர் ஆவணங்களில் கொல்லம் ஆண்டே (மலையாள ஆண்டுக்கணக்கு) இருக்கும். அவ்வாண்டு ஆவணியில் தொடங்குவதால், கி.பி. ஆண்டைப் பெற, டிசம்பர் இறுதி வரையுள்ள நாள்களுக்கு 824-ஐயும், ஜனவரி முதல் உள்ளவற்றுக்கு 825-ஐயும் கூட்ட வேண்டும். எப்போதும் 825 கூட்டிக்கொண்டு போனால் பல பதிவுகள் ஓராண்டு தள்ளி விழும். மூல ஆண்டையும் மாற்றிய ஆண்டையும் தனித்தனிப் பத்திகளில் வைத்திருங்கள். விவசாயி "போன கும்பப்பூவில்" என்று சொன்னால் அதனை அப்படியே எழுதி, ஆங்கில மாதத்தைப் பக்கத்தில் குறிக்க வேண்டும். நேர்காணல் எடுப்பவரே மொழிபெயர்த்து எழுதிவிட்டால் மூலம் போய்விடும். மேற்கு வட்டங்களுக்கும் ஆய்வை விரிவுபடுத்துவதாயின், மலையாளம் பேசும் வீடுகளுக்காக வினாப்படிவத்தை அம்மொழியிலும் வைத்திருப்பது நலம்.

அனுமதிகளைப் பொறுத்தவரை, சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பகுதிக்குள் ஆய்வு செய்வதாயின், 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி தேவை. மாவட்ட வன அலுவலகம் வழியாக விண்ணப்பத்தைத் தொடங்கலாம். மனிதர்களிடம் நேர்காணல் எடுப்பதற்குக் கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதலும், ஒவ்வொருவரின் சம்மதமும் வேண்டும். சம்மதப் படிவத்தைப் படித்துக் காட்டுவதோடு நிறுத்தாமல், மீன்குத்தகைதாரர் பெயரோ நிலத்தின் அளவோ வெளியாகுமா என்பதை வாய்மொழியாகவும் விளக்க வேண்டும். பேச்சிப்பாறை மலைப்பகுதிக் காணிப் பழங்குடி மக்களின் மருந்தறிவைத் தொடும் திட்டமெனில் பொறுப்பு இன்னும் கூடும். அகத்தியமலைப் பகுதியின் கேரளப் பக்கத்தில் 1987-இல் காணிகள் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையிலிருந்து மருந்து உருவாக்கிய ஆய்வு நிறுவனம், அதன் உரிமத் தொகையில் பாதியை அம்மக்களுக்கு அளிக்க ஒப்புக்கொண்டது. அதைப் பெற்றுக்கொள்வதற்கான அறக்கட்டளை 1997-இல்தான் அமைந்தது. இடைப்பட்ட அந்த ஆண்டுகளைக் கருதியேனும், பயன்பகிர்வை ஆய்வின் தொடக்கத்திலேயே எழுதி வைப்பது முறை. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டமும் அதை நோக்கியே நிற்கிறது.

நிதியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தின் மாணவர் செயல்திட்ட உதவி சிறு களப்பணிகளுக்குப் பொருந்தும். வேதிப்பொருள்களும் பேருந்துச் செலவும்தான் பெரும்பகுதி.

எழுதும் கட்டத்தில், துறைவாரியாக அத்தியாயம் பிரிப்பதைத் தவிர்த்து, புள்ளிவாரியாகப் பிரித்துப் பாருங்கள். தே-1 மடையைப் பற்றிய பகுதியில் அங்குள்ள நீரின் நிலை, இறங்கிய பறவைகள், மடை திறப்பவரின் கூற்று, பழைய ஆவணச் செய்தி எல்லாம் ஒன்றாக வர வேண்டியிருப்பதால், நால்வரும் ஒரே மேசையில் உட்காராமல் அதை எழுத முடியாது.

முடிவுகளை ஊருக்குத் திருப்பிக் கொடுப்பதும் திட்டத்தின் பகுதியே. ஊராட்சியாக இருந்தால் கிராம சபையில் வைக்கலாம். தேரூரும் சுசீந்திரமும் பேரூராட்சிகள் என்பதால், பேரூராட்சி அலுவலகத்துக்கும் அக்குளத்துப் பாசன விவசாயிகளுக்கும் நான்கு பக்கத் தமிழ்ச் சுருக்கத்தை நேரில் கொடுத்து விளக்குவதே ஏற்றது. பறவைகள் கூடுமிடத்தைப் பொது அறிக்கையில் துல்லியமாகக் காட்டலாமா என்பதை வனத்துறையிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பெயர் நீக்கிய தரவை ஸெனோடோ போன்ற திறந்த களஞ்சியத்தில் ஏற்றும்போது, வெற்று வினாப்படிவத்தையும் புள்ளிகளின் வரைபடத்தையும் குறியீட்டு விளக்கத்தையும் உடன் சேர்க்க வேண்டும். அடுத்த ஆண்டு சேரும் மாணவர்கள் அதே மடையருகே நின்று அளவெடுக்க அவை இல்லாமல் முடியாது.