பழைய போனா, புதிய போனா: கேமராவை ஒப்பிடும்போது நாம் செய்யும் தவறுகள்

போன வாரம் தங்கை வாட்ஸ்ஆப்பில் இரண்டு படங்களை அனுப்பினாள். ஒன்று அவளுடைய ஐபோன் 11இல் எடுத்தது, இன்னொன்று தோழியின் ஐபோன் 15இல் எடுத்தது. இரண்டிலும் அதே பால்கனி, அதே செம்பருத்திச் செடி. “எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல அண்ணா. இதுக்குப் போய் இவ்வளவு காசு கொடுக்கணுமா?” என்று கேட்டிருந்தாள்.

நியாயமான கேள்விதான். ஆனால் அவள் ஒப்பிட்டது இரண்டு கேமராக்களை அல்ல, வாட்ஸ்ஆப் கசக்கிப் பிழிந்து கொடுத்த இரண்டு சின்னப் படங்களை. ஐபோன் 11 எடுக்கும் படம் 4032க்கு 3024 பிக்சல் (படத்தை உருவாக்கும் புள்ளி), அதாவது 12 மெகாபிக்சல். 15 வழக்கமாகத் தருவது 5712க்கு 4284, அதாவது 24 மெகாபிக்சல். வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக அனுப்பினால் இரண்டுமே ஏறக்குறைய ஒரே சிறிய அளவுக்குச் சுருங்கிவிடும். இலை நரம்பு, புடவையின் நெசவு போன்ற நுணுக்கங்கள்தான் முதலில் காணாமல் போகும். புதிய போனுக்குக் கூடுதலாகக் கொடுத்த காசு இருப்பதே அந்த நுணுக்கத்தில்தான். எச்டி என்று தேர்வு செய்தாலும் முழுப் படம் போகாது. டாக்குமென்ட்டாக அனுப்பினால்தான் கோப்பு உள்ளது உள்ளபடி போகும். கூகுள் ஃபோட்டோஸில் ‘ஸ்டோரேஜ் சேவர்’ போட்டிருப்பவர்களும் கவனிக்க வேண்டும். 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படங்களை அது 16க்குக் குறைத்துவிடும்.

ஒருவர் எடுக்கும் படமெல்லாம் ஸ்டேட்டஸிலும் இன்ஸ்டாகிராமிலும்தான் போய் முடிகிறது என்றால் கதை வேறு. அங்கே படத்தின் அகலம் சுமார் 1080 பிக்சல்தான். அவருக்குத் தங்கை செய்த ஒப்பீடே சரியான ஒப்பீடு, வித்தியாசம் தெரியவில்லை என்பதே சரியான விடையும்கூட.

முதலில் லென்ஸைத் துடையுங்கள்

சிரிக்காதீர்கள். ‘என் பழைய போன் கேமரா மங்கிப்போச்சு’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான். நாலைந்து வருடம் கைரேகையும் சமையலறை எண்ணெய்ப் பிசுக்கும் படிந்த லென்ஸையும், நேற்று பெட்டியிலிருந்து எடுத்த லென்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது ஜெயிக்கும்? பிசுக்கு படிந்த லென்ஸில் தெருவிளக்கைச் சுற்றிப் பனிமூட்டம்போல ஒளி பரவும், கறுப்பு நிறம் சாம்பலாகத் தெரியும். கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணி இருந்தால் போதும். துடைத்த பிறகும் அப்படியே இருந்தால் மேல் கண்ணாடியில் கீறல் விழுந்திருக்கலாம், அல்லது கேமராவுக்கு மேல் ஒட்டிய பாதுகாப்புக் கண்ணாடி ஒளியைச் சிதறடிக்கலாம். ஒட்டியதை உரித்துவிட்டு எடுத்துப் பாருங்கள். புது போன் வாங்கிய அன்றே அதன் மீது கண்ணாடி ஒட்டி, கேமராவைக் கெடுத்துக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

திரை காட்டும் வித்தை

இரண்டு போனையும் கையில் வைத்துக்கொண்டு அதன் படத்தை அதன் திரையில் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. தவறுகளிலேயே நம்மை அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். ஐபோன் 11இன் திரை எல்சிடி, அதன் உச்ச வெளிச்சம் 625 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு). 15இன் திரை ஓஎல்இடி, எச்டிஆர் (மிகப் பிரகாசமான இடத்தையும் இருண்ட இடத்தையும் சேர்த்துக் காட்டும்) படங்களுக்கு 1600 நிட்ஸ் வரை போகும். புதிய ஐபோன்கள் எடுக்கும் படத்தோடு ‘இந்த இடத்தைக் கூடுதலாகப் பிரகாசிக்க வை’ என்ற குறிப்பும் சேர்ந்தே பதிவாகிறது. அதனால் படத்தைத் திறந்ததும் வானமும் விளக்கும் சட்டென்று ஒரு படி மேலே எரியும். பார்ப்பவர் ‘அடடா, என்ன கேமரா!’ என்பார். அதில் பாதிப் பெருமை திரைக்கு உரியது.

சந்தேகம் இருந்தால் 15இல் எடுத்த படத்தை 11க்கு அனுப்பி அங்கே திறந்து பாருங்கள். அந்த ஜொலிப்பு காணாமல் போயிருக்கும். அசல் கோப்புகள் இரண்டையும் ஒரே கணினித் திரையில் அருகருகே திறந்து பார்ப்பதுதான் நேர்மை. கணினி இல்லையென்றால் இரண்டையும் ஒரே போனில் பாருங்கள், செட்டிங்ஸில் ஃபோட்டோஸ் பகுதியில் ‘வியூ ஃபுல் எச்டிஆர்’ என்பதை அணைத்துவிட்டு.

அப்படிப் பார்க்கும்போதும் ஒரு பொறி உண்டு. 24 மெகாபிக்சல் படத்தையும் 12 மெகாபிக்சல் படத்தையும் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கினால் பெரிய படத்தில் முகம் பெரிதாகத் தெரியும், அதன் குறைகளும் பெரிதாகத் தெரியும். புதிய போன்தான் மோசம் என்று தோன்றிவிடும். இரண்டு படத்திலும் முகம் ஒரே அளவில் தெரியும்படி வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

வெளிச்சமாக இருப்பதெல்லாம் நல்ல படமா?

யூடியூபர் மார்க்கஸ் பிரவுன்லி, எந்தப் படம் எந்த போனில் எடுத்தது என்று சொல்லாமல் வாக்கெடுப்பு நடத்துபவர். அதில் திரும்பத் திரும்ப வெளிப்பட்ட ஒரு விஷயம், மக்கள் பெரும்பாலும் வெளிச்சம் கூடிய படத்துக்கே வாக்களிக்கிறார்கள் என்பது. நம் கண்ணின் பழக்கம் அது. கொஞ்சம் இருட்டாக விழுந்த படத்தை எடிட்டில் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் வெளிச்சம் மிஞ்சி வெள்ளையாகிப்போன வானத்தையோ வெள்ளை வேட்டியின் மடிப்பையோ திரும்பக் கொண்டுவர முடியாது. ஆகவே தீர்ப்புச் சொல்வதற்கு முன், இருட்டான படத்தை ஏற்றியோ மற்றதை இறக்கியோ இரண்டையும் ஒரே வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். பல சமயம் ‘வித்தியாசம்’ அங்கேயே கரைந்துவிடும்.

இதன் தம்பிதான் நிறம் பற்றிய தவறு. நம் வீடுகளில் ‘இதுல கலரா தெரியறேன்’ என்பது கேமராவுக்குக் கொடுக்கும் உயர்ந்த பாராட்டு. அழகூட்டும் வசதியைத் தானாகவே இயக்கிவிடும் சில போன்களின் செல்ஃபி கேமராக்கள் நம் முகத்தை வெளுப்பாக்கி, தோலின் துவாரங்களை மெழுகிவிடுகின்றன. மாநிற முகத்தை மாநிறமாகவே காட்டும் கேமராதான் சரியான கேமரா என்பது என் கட்சி. கூகுளே 2021இல் தன் பிக்சல் வரிசையில் பிக்சல் 6 போன் வந்தபோது, கருத்த தோலை உள்ளபடி காட்டுவதற்கென்று தனியாக வேலை செய்ததை ‘ரியல் டோன்’ என்று பெயரிட்டு அறிவித்தது. அதுவரை கேமரா உலகம் இதில் பின்தங்கியிருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஒப்பிடும்போது அழகூட்டுவதை அணைத்துவிடுங்கள். ஐபோன் 13 முதல் வந்தவற்றில் ‘ஃபோட்டோகிராஃபிக் ஸ்டைல்’ என்று ஒன்றும் இருக்கிறது. யாரோ விளையாட்டாக அதை மாற்றிவைத்திருந்தால் எல்லாப் படமும் அந்தச் சாயலில்தான் விழும்.

எண்களை நம்பி இறங்குவது

ஐபோன் 11க்கு 12 மெகாபிக்சல், 15இன் சென்சாருக்கு (ஒளியைப் பிடிக்கும் சில்லு) 48, நாலு மடங்குதானே என்று கடையில் சொல்வார்கள். மெகாபிக்சல் என்பது பரப்பின் கணக்கு. நாலு மடங்கு பிக்சல் என்றால் ஒவ்வொரு திசையிலும் இரண்டு மடங்குதான். அதுவும் ஐபோன் 15 அன்றாடம் தருவது 24 மெகாபிக்சல் என்பதால் 11ஐ விட ஒவ்வொரு திசையிலும் ஏறக்குறைய 1.4 மடங்கு, அவ்வளவே. 200 மெகாபிக்சல் என்று விற்கும் சாம்சங் எஸ் 23 அல்ட்ரா, வழக்கமான நிலையில் பதினாறு பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்துச் சுமார் 12 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகிறது. அது ஏமாற்று வேலை அல்ல. வெளிச்சம் குறைந்த இடத்தில் சேர்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

எஃப் எண்ணும் இப்படித்தான். எண் சிறியதாக இருந்தால் லென்ஸின் வாய் பெரிது, அதனால் ஒளி அதிகம் என்பது பாதி உண்மை. பிக்சல் 5க்கு எஃப் 1.7, அடுத்த வருடம் வந்த பிக்சல் 6க்கு எஃப் 1.85. காகிதத்தில் பழையதே மேல். ஆனால் சென்சார் மிகப் பெரிதாகிவிட்டதால், முன்பைவிட 2.5 மடங்கு ஒளியைப் பிடிக்கிறது என்றது கூகுள். வாய் அகலமான செம்பா, வாய் கொஞ்சம் குறுகிய அண்டாவா என்ற கேள்வி போன்றது இது.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2022இல் வந்த பிக்சல் 6ஏவின் முதன்மை கேமரா 12.2 மெகாபிக்சல்தான். அதே சென்சார் குடும்பம் 2018இன் பிக்சல் 3 காலத்திலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. அந்த 6ஏதான் 2022இல் பிரவுன்லியின் வாக்கெடுப்பில் விலையுயர்ந்த போன்களையெல்லாம் தாண்டி முதலிடம் பிடித்தது. சென்சார் பழையது, சமையல் (படத்தைச் சீராக்கும் மென்பொருள்) புதியது. ஆகவே பழைய போனில் அப்டேட் போடாமலே ஒப்பிடுவதும் ஒரு தவறு. இருட்டில் படமெடுக்க உதவும் கூகுளின் ‘நைட் சைட்’ 2018 இறுதியில் வந்தபோது அதற்கு முந்தைய பிக்சல்களுக்கும் அப்டேட்டாகவே கிடைத்தது. ஒரே இரவில் பழைய போனுக்குக் கண் தெரிந்தது.

புதியது என்றால் பழையதிலிருந்த எல்லாம் இருக்கும் என்றும் நினைத்துவிட வேண்டாம். எஸ் 23 அல்ட்ராவில் 10 மடங்கு ஆப்டிகல் ஜூம் லென்ஸ் (படத்தை வெட்டாமல் லென்ஸாலேயே பெரிதாக்குவது) இருந்தது. 2024இன் எஸ் 24 அல்ட்ராவில் அது 5 மடங்காகி, அதற்குப் பதில் அந்த லென்ஸுக்கு 50 மெகாபிக்சல் சென்சார் வந்தது. கோபுரத்துச் சிற்பங்களைத் தூரத்திலிருந்து எடுப்பவர் இரண்டையும் 10 மடங்கில் எடுத்துப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். இதில் இன்னொரு விஷயம், மங்கிய வெளிச்சத்தில் ஜூமை அழுத்தினாலும் பல போன்கள் ஜூம் லென்ஸை விட்டுவிட்டு, முதன்மை கேமராவின் படத்தையே வெட்டிப் பெரிதாக்கித் தந்துவிடும். படத்தின் விவரங்களைத் திறந்தால் எந்த லென்ஸ், எவ்வளவு ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் திறனின் அளவு), எத்தனை விநாடி என்று எல்லாம் இருக்கும். ஐபோனில் படத்தை மேலே தள்ளினால் போதும்.

மொட்டை மாடியில் ஒரு சாயங்காலம்

ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்கே போய் இரண்டு போனையும் வைத்து உட்கார்ந்தோம். ஐபோன் 11, 15 இரண்டுமே நம் ஸ்ரீபெரும்புதூரிலும் தயாரான மாடல்கள், ஆகவே ஒருவகையில் பங்காளிச் சண்டை. ஒன்றில் எடுத்துவிட்டுக் காபி குடித்துவிட்டு வந்து மற்றதில் எடுத்தால், அந்தி வெளிச்சம் அதற்குள் வேறாகிவிடும். அதனால் ஒரே இடத்தில், ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றிலும் மூன்று மூன்று படம். ஒரு படத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது. ஃபோகஸுக்குத் திரையில் ஒரே இடத்தைத் தொட்டோம். இருட்டியதும் நைட் மோடில் இரண்டுக்கும் ஒரே விநாடி. ஒன்று 1 விநாடியும் மற்றது 3 விநாடியும் திறந்திருந்தால் அது என்ன போட்டி? எடுத்தவுடன் திறந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லவும் இல்லை, போன் படத்தைச் சமைத்து முடிக்க ஓரிரு நொடி எடுத்துக்கொள்கிறது.

பிறகு எல்லாவற்றையும் கணினியில் போட்டு, எது எதில் எடுத்தது என்று சொல்லாமல் காட்டினேன். நல்ல வெயிலில் எடுத்த படங்களில் தங்கை தடுமாறினாள். அதில் ஆச்சரியம் இல்லை, பகல் வெளிச்சத்தில் நாலு வருட இடைவெளி அவ்வளவாகத் தெரியாது. பகல் வெளிச்சத்தில் மட்டும் சோதித்துவிட்டு ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்பவர்கள் சறுக்குவது இங்கேதான். இரண்டு மடங்கு ஜூமில் 15இன் படத்தை உடனே கண்டுபிடித்துவிட்டாள். 48 மெகாபிக்சல் சென்சாரின் நடுப்பகுதியிலிருந்து அது 12 மெகாபிக்சல் படத்தை எடுத்துக்கொள்கிறது. 11இல் இருப்பதை இழுத்துப் பெரிதாக்குவதைத் தவிர வேறு வழியில்லை. இருட்டில் அல்ட்ரா வைடு (அகலமான காட்சியைப் பிடிக்கும் லென்ஸ்) வைத்தபோது 11 கையை விரித்துவிட்டது, அந்த லென்ஸுக்கு அதில் நைட் மோடே கிடையாது.

உண்மையான சோதனை கடைசியில் வந்தது. ஹாலில் டியூப்லைட் வெளிச்சத்தில் அவள் பையன் சோபாவிலிருந்து குதித்துக்கொண்டிருந்தான். நைட் மோடு இங்கே உதவாது, ஓடும் பிள்ளை ஒரு விநாடி அசையாமல் நிற்பானா? 11இன் படங்களில் கைகால் எல்லாம் கோடாக இழுபட்டிருந்தன. 15இன் மூன்றில் இரண்டில் முகம் தெளிவாகவே விழுந்திருந்தது. பெரிய சென்சாருக்குக் குறைந்த நேரத்திலேயே போதுமான ஒளி கிடைத்துவிடுகிறது.

தங்கை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். விலையை இன்னொரு தடவை கேட்டாள். அப்புறம் பையனைப் பார்த்து, “டேய், போட்டோ எடுக்கும்போது மட்டும் ஒரு இடத்துல உட்காரு” என்றாள்.