லேடெக் கணிதக் குறிப்புகளை எல்லா மாணவர்களும் படிக்கும்படி தருவது எப்படி?

பல்கலைக்கழகக் கணிதத் துறைகளில் பாடக் குறிப்புகள் பெரும்பாலும் லேடெக் (LaTeX) என்ற, கட்டளைகளால் ஆவணங்களை உருவாக்கும் மென்பொருளில் எழுதப்பட்டு, பிடிஎஃப் கோப்பாக மாணவர்களிடம் போய்ச் சேருகின்றன. பார்வையற்ற மாணவர் அதை, திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பானில் திறந்தால் அவர் காதில் என்ன விழும்? இருபடிச் சமன்பாட்டின் தீர்வுச் சூத்திரத்தை எடுத்துக்கொள்வோம். வழக்கமான பிடிஎஃப்பில் பின்னக் கோடு எழுத்தாக அல்லாமல் வெறும் வரைகோடாக இருப்பதால் வாசிப்பில் அது மறைந்துவிடுகிறது; வர்க்கமூலக் குறி எதுவரை நீள்கிறது என்பது தெரிவதில்லை; 'பி ஸ்கொயர்' என்பது 'பி 2' என்று ஒலிக்கிறது. தொகுதி எது, பகுதி எது என்று பிரித்தறிய முடியாத எழுத்து வரிசைதான் மிஞ்சுகிறது.

தலைப்பு எது, சூத்திரம் எது என்று திரைவாசிப்பானுக்குத் தெரிவிக்கும் குறியிட்ட பிடிஎஃப் கோப்புகளை லேடெக்கிலிருந்தே உருவாக்கும் பணி நடந்து வருகிறது. ஆயினும், இப்போது தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, மூலக் கோப்பு ஒன்றை ஒழுங்காக வைத்துக்கொண்டு, அதிலிருந்தே பிடிஎஃப்பையும் வலைப்பக்கத்தையும் உருவாக்கும் முறையைத்தான்.

முதல் படி: மூலக் கோப்பைச் சீராக்குங்கள். தலைப்புகளைத் தடித்த எழுத்தில் பெரிதாக்கிக் காட்டாமல், அதற்குரிய பிரிவுக் கட்டளைகளால் எழுதுங்கள். திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவர் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவித்தான் பக்கத்தைப் படிக்கிறார். சமன்பாடுகளைப் படமாக ஒட்டாதீர்கள். கையால் எழுதி ஸ்கேன் செய்த குறிப்புகள் இருந்தால், அவற்றைத் தட்டச்சு செய்வதைத் தவிர எனக்குத் தெரிந்து நல்ல வழி இல்லை.

இரண்டாம் படி: கோப்பு வடிவங்களை மாற்றித் தரும் கட்டணமில்லாத பாண்டாக் (Pandoc) மென்பொருளை நிறுவி, மூலக் கோப்பை எச்டிஎம்எல் வலைப்பக்கமாக மாற்றுங்கள். அப்போது கணிதத்துக்கு மாத்எம்எல் (வலைப்பக்கத்தில் சூத்திரங்களின் அமைப்பைக் குறிக்கும் மொழி) அல்லது மாத்ஜாக்ஸ் (சூத்திரங்களை உலாவியில் காட்டும் நிரல்) என்ற விருப்பத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பயர்பாக்சும் சஃபாரியும் மாத்எம்எல்லை முன்பே காட்டிவந்தன. குரோமும் 2023 ஜனவரியில் வெளியான 109ஆம் பதிப்பு முதல் காட்டுகிறது. நீங்களே வரையறுத்த சிக்கலான கட்டளைகள் மாற்றத்தில் விடுபடலாம் என்பதால், பக்கத்தை ஒருமுறை வரிவரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த வடிவத்தால் குறைபார்வை உள்ளவர்களுக்கும் பயன் உண்டு: எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரைக்கேற்ப மடங்கும், நிறத்தையும் எழுத்துருவையும் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: படங்களுக்கு மாற்று உரை, அதாவது படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் படிக்கும் விளக்கம், எழுதுங்கள். பொறுமை அதிகம் தேவைப்படும் வேலை இதுதான். எக்ஸின் முப்படியிலிருந்து எக்ஸின் மும்மடங்கைக் கழித்துவரும் சார்பின் வரைபடத்துக்கு 'முப்படிச் சார்பின் படம்' என்று எழுதினால் யாருக்கும் எதுவும் தெரியாது. 'வளைவரை இடமிருந்து ஏறி, எக்ஸ் −1 ஆகும்போது 2 என்ற இடஞ்சார்ந்த பெருமத்தை அடைந்து, ஆதிப்புள்ளி வழியே இறங்கி, எக்ஸ் 1 ஆகும்போது −2 என்ற சிறுமத்தைத் தொட்டு, மீண்டும் ஏறுகிறது' என்று எழுதினால், அந்தப் படத்தை எதற்காக வரைந்தீர்களோ அது மாணவருக்குக் கிடைத்துவிடும். வளைவரைகளை நிறத்தால் மட்டும் வேறுபடுத்தாமல், ஒன்றைப் புள்ளிக்கோடாகவும் போடுங்கள்.

நான்காம் படி: காதால் சோதியுங்கள். விண்டோஸ் கணினியில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ திரைவாசிப்பானுடன் மாத்கேட் என்னும் கணித வாசிப்பு நிரல் இருந்தால், சூத்திரம் 'பின்னம், தொகுதி, பகுதி' என்ற அமைப்போடு ஆங்கிலத்தில் ஒலிக்கும். அம்புக்குறி விசைகளால் அதன் உறுப்புகளுக்குள் ஒவ்வொன்றாக நுழையவும் முடியும். பிரெயில் காட்சிக் கருவி வைத்திருப்பவருக்கு அதே சூத்திரம், கணிதத்துக்கான பிரெயில் முறையான நெமெத் குறியீட்டில் கிடைக்கும். 1952இல் வெளியான அந்தக் குறியீட்டை உருவாக்கிய ஆபிரகாம் நெமெத், தாமே பார்வையற்ற கணிதப் பேராசிரியர்.

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. எனவே, மாணவர் வந்து கேட்கும்வரை காத்திராமல் பருவம் தொடங்கும் முன்பே கோப்புகளை ஆயத்தமாக வையுங்கள். வகுப்பில் கரும்பலகையைக் காட்டி 'இதை இந்தப் பக்கம் கொண்டுவந்தால்' என்று சொல்லாமல், 'இரு பக்கமும் 3 எக்ஸைக் கழித்தால்' என்று எழுதுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள். பயிற்சித்தாள்களையும் தேர்வு வினாத்தாள்களையும் இதே மூலக் கோப்பு முறையில் தயாரியுங்கள். அவற்றைப் பிரெயிலில் அச்சிட வேண்டியிருந்தால், அதற்கான நாள்களையும் முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள்.